ஒன்றரைத் திருகு

அந்த வீட்டில் தன் சொல்லுக்குக் கட்டுப்பட ஒன்றாவது இருக்க வேண்டும் என்றுதான் கண்ணாடிக்கடைக்காரர் அந்தக் காரையே வாங்கினார்.

மனைவி கட்டுப்படுவாள் என்ற நம்பிக்கை கல்யாணமான முதல் வாரத்திலேயே போய்விட்டது. மகள் வீட்டில் இருந்தவரை அம்மா கட்சி. வேலை கிடைத்து வெளியூர் போன பிறகு போனில் அம்மா கட்சி. ஒரு பூனை இருந்தது. தட்டு யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அதன் கட்சி, தட்டு எந்நாளும் அவர் கையில் இருந்ததில்லை. மிச்சம் வீட்டோரத்தில் ஒரு காலி ஷெட். அதில் கொண்டுவந்து நிறுத்தினார் ஒரு பழைய காரை.

பழையது என்றால் உங்கள் வீட்டுப் பழசு, என் வீட்டுப் பழசு இல்லை. அவருடைய தாத்தா அரை டிராயர் போட்ட காலத்து வண்டி. சாவி கிடையாது. முன்னால் ஒரு இரும்புக் கைப்பிடியைச் செருகி, தோள்பட்டை கழன்று விழும்வரை சுற்ற வேண்டும். கூரை துணி. ஹாரன் ஒரு ரப்பர் பந்து. வேகத்தைப் பற்றிக் கேட்டால், சைக்கிளில் வருகிறவர் இறங்கிக் குசலம் விசாரித்துவிட்டு மறுபடி ஏறி முந்திப் போகலாம். தெரு அதற்கு 'இருமல் வண்டி' என்று பெயர் வைத்திருந்தது. அவர் வைத்த பெயர் 'மகாராணி'.

"மகாராணின்னா நாம சொல்றதை அவ கேப்பாளா, அவ சொல்றதை நாம கேக்கணுமா?" என்று மனைவி பெயர் வைத்த அன்றே கேட்டாள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மனைவி பெண்கள் பள்ளியில் கெமிஸ்ட்ரி டீச்சர். பள்ளிக்கூடம், தெரு, காய்கறிக்காரர், தபால்காரர் எல்லோருக்கும் அவள் டீச்சர்தான். நாமும் அப்படியே கூப்பிடுவோம், நமக்கு எதற்கு வம்பு. டீச்சர் அதிகம் பேசமாட்டாள். "ஓஹோ" என்பாள். அந்த ஓஹோவைக் கேட்டுத்தான் வகுப்பே கிடுகிடுத்தது. கார் ஓட்ட லைசென்ஸ் அவளுக்கு உண்டு, அதுவும் அவருக்கு முன்பே வாங்கியது. ஆனால், "இது இந்தக் காலத்து வண்டி இல்லம்மா. இதுக்குத் தனி ஞானம் வேணும்" என்று சொல்லி அவர் அவளை ஓட்டும் சீட்டில் உட்காரவே விட்டதில்லை.

அந்த ஞானம் அவருக்கும் லேசில் வரவில்லை. வண்டியோடு ஒரு தடித்த புத்தகம் வந்திருந்தது. எழுத்து எறும்பு வரிசை மாதிரி. கண்ணாடிக்கடைக்காரருக்கோ நல்ல வெள்ளெழுத்து. தூரத்துப் போர்டு பளிச்சென்று தெரியும், கையில் இருக்கும் பேப்பர் பனி மூட்டமாகத் தெரியும். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிற மனிதர், தான் மட்டும் வெளியில் மாட்டமாட்டார். "என் கண்ணே சரியில்லைன்னா என் கடைக்கு எவன் வருவான்?" என்பது அவர் கட்சி. அந்தக் கட்சியில் அவர் ஒருவர்தான் உறுப்பினர். ஷெட் கதவைச் சாத்திக்கொண்டு, திருட்டுத்தனமாகக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு மாதம் படித்தார். ஒருநாள் ஞானம் பிறந்தது. பிறந்த ஞானத்தை யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது. சாப்பாட்டு மேஜையில் டீச்சர் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள்.

"இங்க பாரு. பெட்ரோல் தானா எரியாது. காத்தும் சேரணும்."

"அப்படிங்களா?"

"உனக்குப் புரியற மாதிரி சொல்றேன். ரெண்டும் சேர்ற இடம் கார்புரேட்டர். எவ்வளவு பெட்ரோல் வரணும்னு தீர்மானம் பண்றது ஒரு திருகு. கலவைத் திருகு."

"கொத்தனார் போடுவாரே, அந்தக் கலவையா?"

"ஐயோ, அது சிமென்ட்! இது பெட்ரோலும் காத்தும். வெளிப்பக்கமா திருகினா பெட்ரோல் ஜாஸ்தி. உள்பக்கமா திருகினா கம்மி. வண்டி சில்லுன்னு இருக்கறப்ப ஜாஸ்தி வேணும், இல்லைன்னா கிளம்பாது. சூடானதும் குறைச்சுடணும்."

"குறைக்கலைன்னா?"

"கறுப்பா புகை விடும். நொண்டும். அப்புறம் மூச்சு முட்டி நின்னுடும்."

"ரொம்பக் குறைச்சுட்டா?"

"தும்மும். ரெண்டு தும்மல் போட்டு அப்பவும் நின்னுடும்."

"ரெண்டுலயும் நிக்கத்தானே செய்யுது? எதனால நின்னுச்சுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"அதுக்குத்தான் அனுபவம் வேணும்ங்கறது."

"ஓஹோ," என்றாள் டீச்சர். கையிலிருந்த பேப்பரில் ஒரு பெண்ணுக்கு அரை மார்க் குறைத்தாள். அந்தப் பேப்பரின் முதல் கேள்வி, 'சுடர் கறுப்புப் புகை விடுவது ஏன்? காற்றின் பங்கை விளக்குக.' கண்ணாடி போட்டிருந்தால் அவரும் படித்திருப்பார்.

"அந்தத் திருகு ஏன் என் சீட்டுக்கு முன்னாடி இருக்கு?" என்று டீச்சர் கேட்டாள்.

"அந்தக் காலத்துல பக்கத்துல ஒரு மெக்கானிக் உக்காந்து வருவானாம். முதலாளி ஓட்டுவாரு, அவன் சத்தத்தைக் கேட்டுத் திருகிட்டே வருவான்."

"இப்ப அந்த இடத்துல நான்ல உக்காந்திருக்கேன்?"

"நீ எதையும் திருக வேணாம்மா. கிளம்பறதுக்கு முன்னாடியே நான் சரிபண்ணி வெச்சுடுவேன். நீ அதுல கைப்பையை மாட்டிக்க."

அன்று முதல் டீச்சர் அதில் கைப்பையை மாட்டிக்கொண்டாள். அது சின்னப் பை இல்லை. நாற்பது பிள்ளைகளின் நோட்டு அடங்கும்.

இப்படி எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

ஊரில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. அதன் தலைவர் எதிர்வீட்டுப் பல் டாக்டர். வருஷத்துக்கு ஒரு ஊர்வலம் நடக்கும். வழியில் நிற்காமல் கடைசிவரை போகும் வண்டிக்கு ஒரு கோப்பை. முதல் வருஷம் மகாராணியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். அடுத்த வருஷம் தள்ளிக்கொண்டு போனார்கள். இந்த வருஷம்தான் சொந்தக் காலில் நிற்கிறாள். அதனால் பல் டாக்டர், "இந்தத் தடவை உங்க வண்டிதான் முன்னாடி" என்று சொல்லியிருந்தார். முன்னாடி! வீட்டிலும் சரி, கடையிலும் சரி, சாப்பாட்டுப் பந்தியிலும் சரி, கண்ணாடிக்கடைக்காரர் முன்னாடி போனதாகச் சரித்திரம் இல்லை. அதைக் கேட்ட நாளிலிருந்து தரையில் கால் பாவாமல் நடந்தார்.

அதே ஞாயிற்றுக்கிழமைதான் டீச்சருடைய அக்கா புது வீட்டில் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தாள்.

அக்கா தங்கமானவள். அக்கா புருஷன்தான் பிரச்சினை. அந்தச் சகலைக்குக் குழாய் வியாபாரம். பேச்சும் அப்படித்தான், திறந்தால் மூடத் தெரியாத குழாய். சகலை வீட்டுக்குப் போகாமல் தப்பிக்க கண்ணாடிக்கடைக்காரர் பல வருஷமாகப் பாடுபட்டிருக்கிறார். முதுகு பிடித்திருக்கிறது. கடையில் சரக்கு வந்திருக்கிறது. ஒருமுறை பூனைக்கு ஜுரம் வந்திருக்கிறது.

"இந்தத் தடவையும் வரலைன்னு மட்டும் சொல்லிப் பாருங்க..." என்று டீச்சர் சொன்னாள். வாக்கியத்தை முடிக்கவில்லை. அவள் முடித்த வாக்கியங்களே பயங்கரம், முடிக்காதவற்றைக் கேட்கவே வேண்டாம்.

"வர்றேன்," என்றார் அவர் உடனே. "கார்லயே போலாம்."

டீச்சர் நிமிர்ந்து அவரை ஒருமுறை பார்த்தாள். "ஓஹோ," என்றாள்.

அன்று சாயங்காலமே பல் டாக்டரை ஷெட்டுக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார்.

"டாக்டர், எங்க வீட்லருந்து சகலை வீட்டுக்குப் போற வழியில என்ன இருக்கு?"

"தெரியாதா? நாம ஊர்வலம் கிளம்பற மைதானம்."

"அங்க வந்ததும் என் வண்டி நின்னுடுது. தானா நின்னுடுது. நான் என்ன பண்ண முடியும்? இறங்கிப் பாக்கறேன். அதுக்குள்ள நீங்கல்லாம் ஓடி வர்றீங்க. 'அடடா, வந்ததுதான் வந்தீங்க, ஊர்வலத்துல ஒரு சுத்துச் சுத்திட்டுப் போங்க'ன்னு டீச்சர்கிட்ட கெஞ்சறீங்க. வண்டி ஆறிடுது. கிளம்பிடறோம். ஊர்வலம் முடியறப்ப சாப்பாட்டு நேரமும் முடிஞ்சுடுது."

"வண்டி எப்படிங்க தானா நிக்கும்?"

கண்ணாடிக்கடைக்காரர் மர்மமாகச் சிரித்தார். "காலைல கிளம்பறப்ப கலவைத் திருகை வெளிப்பக்கமா நிறையத் திறந்து வெச்சுடுவேன். சில்லுன்னு இருக்கறவரைக்கும் நல்லா ஓடும். சூடேற ஏறப் பெட்ரோல் திகட்டிடும். எவ்வளவு திறந்தா மைதானத்துக்கிட்ட நிக்கும்னு கண்டுபிடிச்சுட்டா முடிஞ்சுது விஷயம்."

"இதுக்கு டீச்சர்கிட்ட நேரா கேட்டுடலாமே?"

"கேக்கறதா? நான் இந்த வீட்டுத் தலைவன்யா!"

"அதனாலதான் கேக்கச் சொல்றேன்," என்றார் பல் டாக்டர்.

மறுநாள் காலையிலிருந்து ஒத்திகை தொடங்கியது. ரொட்டி வாங்கிவரப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மகாராணியைக் கிளப்புவார். முதல் நாள் திருகை ஒரு சுற்றுத் திறந்துவைத்தார். வண்டி மைதானத்தைத் தாண்டி, பாலத்தையும் தாண்டி, பாதி வழியில் போய்த்தான் நின்றது. மறுநாள் இரண்டு சுற்று. தெருமுனையை மட்டும்தான் தாண்டியது, ஒரு கரும்புகை மேகத்தை விட்டுவிட்டுச் சலவைக்கடை வாசலில் படுத்தது. காயப்போட்ட வெள்ளை விரிப்புகளைப் பார்த்த சலவைக்கடைக்காரர் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுதமுடியாது. மூன்றாம் நாள் ஒன்றரைச் சுற்று. மைதானத்து வாசலில், காவலாளியின் ஸ்டூலுக்கு நேராக, மகாராணி இரண்டு நொண்டு நொண்டி, ஒரு பெருமூச்சு விட்டு நின்றாள். கண்ணாடிக்கடைக்காரர் இறங்கி வண்டியின் மூக்கில் முத்தம் கொடுத்தார். மூக்கு கொதித்துக்கொண்டிருந்தது.

உதடு வீங்கி, மூக்கில் கரியோடு, கையில் ரொட்டியோடு வந்து நின்றவரை டீச்சர் வாசலிலேயே பிடித்தாள்.

"ரொட்டிக்கடை தெருமுனையிலதானே இருக்கு?"

"மைதானத்துக்குப் பக்கத்துல ஒரு கடை. அங்க ரொட்டி மெத்துன்னு இருக்கும்."

"ஏற்கெனவே நாலு பாக்கெட் இருக்கு. பூனைகூடத் தின்ன மாட்டேங்குது." டீச்சர் நகரவில்லை. "வேற ஏதாவது எங்கிட்ட சொல்லணுமா?"

"இல்லையே."

"ஞாயித்துக்கிழமை பத்தி?"

"ஞாயித்துக்கிழமை பத்தி என்ன இருக்கு? உங்க அக்கா வீட்டுக்குப் போறோம். சந்தோஷமா போறோம்."

"சரி," என்று டீச்சர் ரொட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கண்ணாடிக்கடைக்காரர் கோட்டு போட்டார். ஊர்வலத்தில் போட்டோ எடுப்பார்கள். சகலை வீட்டுச் சாப்பாட்டுக்கு எதற்குக் கோட்டு என்று டீச்சர் கேட்கவில்லை. அவர் ஷெட்டுக்குள் போய், கண்ணாடியை ஒரு நிமிஷம் மாட்டி, திருகை அளந்து ஒன்றரைச் சுற்றுத் திறந்தார். கண்ணாடியைக் கழற்றி அலமாரியில் ஒளித்தார். கைப்பிடியைச் சுற்றினார். மகாராணி முதல் சுற்றிலேயே உறுமினாள். டீச்சர் ஏறி உட்கார்ந்து, பையைத் திருகில் மாட்டி, பையின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

தெருமுனை போயிற்று. சலவைக்கடை போயிற்று. விரிப்புகளை அவசரமாக உள்ளே எடுக்கும் சலவைக்கடைக்காரரும் போனார். தூரத்தில் மைதானம் தெரிந்தது. வெள்ளெழுத்துக்காரருக்குத் தூரம் எப்போதும் பளிச். காவலாளி ஸ்டூல், ஸ்டூலில் காவலாளி, அவர் கையில் டீ கிளாஸ் எல்லாம் தெரிந்தன. கைக்கெட்டும் தூரத்தில் இருந்த பைதான் கலங்கலான ஒரு மூட்டை. அந்த மூட்டைக்குப் பின்னால் இருந்த விரல்கள் அந்த அளவுகூடத் தெரியவில்லை.

இதோ நொண்டப் போகிறது என்று அவர் காத்திருந்தார். நொண்டவில்லை. மகாராணி தேன்கூடு மாதிரி ரீங்காரம் போட்டாள்.

"என்னங்க, வண்டி இன்னிக்கு நல்லா ஓடுதுல்ல?"

"ஓடுது. ரொம்பவே ஓடுது."

"அதை ஏன் அழறமாதிரி சொல்றீங்க?"

"அழறேனா? சந்தோஷம்மா. சந்தோஷத்துல தொண்டை அடைக்குது."

"வண்டிக்கு அடைக்கலை," என்றாள் டீச்சர்.

மைதானம் நெருங்கியது. பிரேக்கைப் போட்டுவிடலாமா என்று நினைத்தார். ஆனால் பிரேக் போட்டால் அது நிறுத்துவது. நின்றுபோவது வேறு, நிறுத்துவது வேறு. அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பதுதான் டீச்சருக்குத் தொழிலே. ஸ்டூல் வந்தது. ஸ்டூல் போயிற்று. காவலாளி எழுந்து நின்று சல்யூட் அடித்தார்.

மைதானத்துக்குள் பன்னிரண்டு பழைய கார்கள் தெருவைப் பார்த்து வரிசையாக நின்று உறுமிக்கொண்டிருந்தன. மகாராணியைக் கண்டதும் முதல் காரிலிருந்த பல் டாக்டர் தொப்பியை உயர்த்தினார். எல்லா ரப்பர் பந்தும் ஒரே நேரத்தில் அலறின. ஒன்றன்பின் ஒன்றாகக் கார்கள் வெளியே வந்து மகாராணியின் பின்னால் சேர்ந்துகொண்டன.

கண்ணாடிக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். ஊர்வலம் தொடங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள்! தன் பின்னால் வருகிறார்கள்! தான் போவதோ சகலை வீட்டுக்கு! ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, மறுகையைப் பின்னால் நீட்டி, 'வராதீங்க, திரும்பிப் போங்க' என்று பலமாக ஆட்டினார். பன்னிரண்டு காரிலிருந்தும் பதிலுக்குக் கை ஆட்டினார்கள்.

"இவங்கல்லாம் ஏங்க நம்ம பின்னாடியே வர்றாங்க?" என்றாள் டீச்சர்.

"தெரியலையே. வழி தப்பிட்டாங்க போல."

"பன்னெண்டு பேருமா?"

பாலத்தின் இரண்டு பக்கமும் ஜனம் நின்று கை தட்டியது. ஒரு குழந்தை அப்பாவின் தோளிலிருந்து அவருக்கு முத்தத்தைப் பறக்கவிட்டது. எவ்வளவு பயத்திலும் கண்ணாடிக்கடைக்காரருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. வாழ்க்கையில் முதல்தடவை முன்னாடி போகிறார்! போகும் இடம் ஞாபகம் வந்ததும் நிமிர்ந்த நெஞ்சு மறுபடி கோட்டுக்குள் போய்விட்டது.

சகலை வீட்டுத் தெரு திரும்பியதும் மகாராணி தும்மினாள். இன்னொரு தும்மல். கேட்டுக்கு நேராக, அளவெடுத்த மாதிரி நின்றாள். பின்னால் பன்னிரண்டு காரும் நின்றன.

கண்ணாடிக்கடைக்காரர் தலைதெறிக்க இறங்கினார். போச்சு, இப்போதுதான் திகட்டியிருக்கிறது பாவிக்கு! பெட்ரோலைக் குறைத்தால் சரியாகிவிடும் என்று பையை விலக்கி, திருகை உள்பக்கமாகத் திருகினார். அசையவில்லை. பலம் கொண்டமட்டும் திருகினார். ஊஹூம்.

"சூட்டுல இறுகிப்போச்சு," என்றார் வியர்வையைத் துடைத்தபடி.

"இருக்கும். உங்களுக்குத்தான் அனுபவம்," என்று டீச்சர் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

அப்போதுதான் அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். வீட்டுக்குள் நீளமாக மேஜைகள். நாற்பது நாற்காலிகள். மாடியிலிருந்து ஒரு துணி தொங்கியது. தூரத்து எழுத்து, தெளிவாகவே தெரிந்தது. 'பழைய கார்ச் சங்கத்தாரே, வருக!'

"வாங்க தம்பி," என்று அக்கா வந்தாள். "சரியான நேரத்துக்குக் கொண்டுவந்து சேத்துட்டீங்க. பதிமூணு வண்டி, நாப்பது பேரு, ஊர்வலம் நம்ம வீட்லதான் முடியுதுன்னு தங்கச்சி அப்பவே சொல்லிட்டா."

கண்ணாடிக்கடைக்காரர் பல் டாக்டரைத் தேடிப் பிடித்தார். "யோவ் டாக்டர்!"

"நான் என்னங்க பண்ணட்டும்? பல்வலின்னு டீச்சர் வந்தாங்க. நாற்காலியில உக்காந்தாங்க. அவங்க வாயைத் திறக்கறதுக்குள்ள நான் திறந்துட்டேன். கோவப்படுவாங்கன்னு நெனச்சேன். 'ஊர்வலம் முடிஞ்சு எல்லாருக்கும் சாப்பாடு எங்க?'ன்னு கேட்டாங்க. இன்னும் முடிவாகலைன்னேன். முடிவாயிடுச்சு."

"ஊர்வலமும் உண்டு, விருந்தும் உண்டுன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று அவர் டீச்சரிடம் போய்க் குமுறினார்.

"நீங்க கேட்டா சொல்லலாம்னுதான் இருந்தேன். தினம் வாசல்ல வந்து நின்னேன்." டீச்சர் அவர் கோட்டிலிருந்த கரியைத் தட்டிவிட்டாள். "நீங்க ரொட்டி வாங்கிட்டு வந்தீங்க."

அவருக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. வெட்கப்படவும் நேரம் கிடைக்கவில்லை, சகலை வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க சகலை! எவ்வளவு வருஷமாச்சு! புதுக் குழாய் ஒண்ணு போட்டிருக்கேன், பாக்கணும் நீங்க. இந்தப் பக்கம் வெந்நீர். அந்தப் பக்கம் பச்சைத் தண்ணி. நடுவுல ஒரு திருகு. உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். ரெண்டும் கலக்கணும் சகலை. கலவைதான் முக்கியம்!"

அந்த வீட்டில் மொத்தம் எத்தனை குழாய் என்று அவருக்கு இன்றும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லத் தெரியும்.

சாப்பிட்டு முடிந்ததும் கோப்பை. பல் டாக்டர் எழுந்து தொண்டையைக் கனைத்தார். "வழியில ஒரு தடவைகூட நிக்காம, நொண்டாம, புகை விடாம வந்த வண்டி மகாராணி." கண்ணாடிக்கடைக்காரர் கோட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "ஓட்டிவந்தவருக்கு எல்லாரும் ஒரு கைதட்டு." தட்டினார்கள். "கலவையைப் பாத்துக்கிட்டவங்களுக்குக் கோப்பை. டீச்சர், வாங்க."

எழுந்தவர் அப்படியே தண்ணீர் குடிக்க எழுந்ததுபோல் ஜக்கை எடுத்தார்.

மற்றக் கார்கள் கிளம்பிப் போயின. மகாராணி கிளம்பவில்லை. திகட்டியது ஆறட்டும் என்று எஞ்சின் மூடியைத் திறந்து விசிறினார். சுற்றினார். மறுபடி விசிறினார். சுற்றிச் சுற்றித் தோள் வீங்கியது. சகலை பக்கத்தில் நின்று, குழாயில் காற்று அடைத்தால் என்ன செய்ய வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். வெயில் சாய்ந்த பிறகு டீச்சர் கோப்பையும் பையுமாக வந்து ஏறி உட்கார்ந்தாள்.

"கேக்கணும்னா கேக்கலாம்," என்றாள்.

கண்ணாடிக்கடைக்காரர் தெருவைப் பார்த்தார். சகலையைப் பார்த்தார். சகலை மொட்டைமாடித் தொட்டியைக் காட்ட வாயெடுத்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா," என்றார் தாழ்ந்த குரலில், "வண்டி ஏன் நிக்குது?"

"பட்டினி. திருகை நான்தான் முழுக்க மூடினேன். ஏற்கெனவே மூடின கதவைத்தான் நீங்க மூடிக்கிட்டே இருந்தீங்க." டீச்சர் திருகைக் கொஞ்சம் வெளிப்பக்கமாகத் திருப்பினாள். "இப்ப சுத்துங்க."

ஒரே சுற்று. மகாராணி உறுமினாள்.

வீட்டு வாசலுக்கு வந்ததும் அவர் கடைசியில் கேட்டுவிட்டார். "டாக்டர் சொல்லலைன்னாலும் கண்டுபிடிச்சிருப்பியா?"

"டாக்டர்கிட்ட போனதே கண்டுபிடிச்ச அப்புறம்தான். அக்கா வீடுன்னா ரெண்டு நாளாவது சண்டை போடுவீங்க. இந்தத் தடவை ஒரே வார்த்தையில 'வர்றேன்'னீங்க. கலவை சரியில்லைன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு."

கோப்பை டீச்சரின் பள்ளி லேபுக்குப் போய், சாக்பீஸ் போட உதவியது. கண்ணாடிக்கடைக்காரர் மனம் ஆறவில்லை. யோசித்து யோசித்துப் பார்த்ததில், தப்பு தன் மேல் இல்லை, திருகு இருந்த இடத்தின் மேல்தான் என்று தீர்மானத்துக்கு வந்தார். திருகு ஓட்டுகிறவர் பக்கம் இருந்திருந்தால் இந்த அவமானம் உண்டா? அடுத்த விடுமுறை நாள் முழுக்க ஷெட்டுக்குள், இந்தத் தடவை கதவைத் திறந்துவைத்து, பகிரங்கமாகக் கண்ணாடி போட்டுக்கொண்டு வேலை செய்தார். ஒரு கம்பியை வளைத்து, ஒரு பிடி செய்து, திருகை ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் தன் கைக்கடியில் கொண்டுவந்து பொருத்தினார். பழைய இடத்தில் வெறும் ஓட்டை. அதையும் மெழுகு வைத்து அடைத்தார்.

"டீச்சர்!" என்று கூப்பிட்டார். அவரும் அவளை அப்படிக் கூப்பிட ஆரம்பித்திருந்தார். "இங்க வந்து பாரு. இனிமே கலவை ஓட்டறவர் கையில!"

டீச்சர் வந்தாள். குனிந்து பார்த்தாள். உள்ளே ஒரு திருப்பு, வெளியே ஒரு திருப்பு, திருகு வழுக்கிக்கொண்டு போயிற்று.

"நல்லா பண்ணியிருக்கீங்க. நெஜமாவே நல்லா இருக்கு," என்றாள் மனதார. "கைக்கு வசதியா இருக்கு."

சொல்லிவிட்டு ஓட்டும் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். திருகை ஒன்றரைக்குப் பாதியாகத் திறந்தாள்.

"முன்னாடி போய்ச் சுத்துங்க."

முன்னாடி போனார். சுற்றினார். மகாராணி முதல் சுற்றிலேயே கிளம்பி, மெதுவாக நகரவும் தொடங்கிவிட்டாள். அவர் கைப்பிடியோடு ஓடி, மறுபக்கம் தொற்றி ஏறினார். ஏறியதும் மடியில் அந்தப் பெரிய பை வந்து விழுந்தது.

"கெட்டியா பிடிச்சுக்கங்க," என்றாள் டீச்சர். "மாட்டறதுக்கு அந்தப் பக்கம் இப்ப ஒண்ணும் இல்ல."